சேரன் வண்டியின் இண்டிகேட்டர்

செஞ்சியில் இண்டிகேட்டரை நம்பி யாரும் வண்டி ஓட்டுவதில்லை, மேடம். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்த புதிதிலேயே கவனித்திருப்பீர்கள். திரும்ப வேண்டுமென்றால் கையை நீட்டுவார்கள், அதுவும் பாதி திரும்பிய பிறகு. தப்பித்தவறி இண்டிகேட்டர் போட்டவர்கள் அணைக்க மறந்து திண்டிவனம் வரைக்கும் மினுக்கிக்கொண்டே போவார்கள். பார்க்கிறவர்கள்தான் விரலை விரித்து மூடி, விரித்து மூடி ஜாடை காட்டுவார்கள். சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போனால் தெருவே கத்தும். அந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள்.

நான் ஜெயசுதா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டி ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் நைனா நடத்திய கடை. அவர் போன பிறகு நான் எடுத்துப் பார்க்கிறேன். சிங்கவரம் பிரிவில் நடந்த விபத்தில் மாட்டிய வண்டி என் தம்பி சேரனுடையது. அதைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக் நெடுமாறனைக் கூப்பிட்டீர்கள். அவர் உங்கள் ஏட்டையாவிடம், "பொம்பள பாத்த வேல சார், கனெக்சன்ல கை தவறிப்போயிருக்குது, பாவம்" என்றாராம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது கை தவறிய வேலை இல்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

சேரனுக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது. பள்ளிக்கூடம் படிக்கும்போது மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கிற மெஷினில் போய்விட்டது. அம்மாவும் அப்போதே இல்லை. விரல் போனதைவிட அவன் ரோஷம் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டைப் பொத்தான் போட வராது. டவுசர் நாடா கட்ட வராது. எல்லாவற்றுக்கும் "யக்கா" என்று வந்து நிற்பான். நான் பொத்தான் போட்டுவிடுவேன். தலை சீவிவிடுவேன். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தியாகம் அது இது என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. காலையில் நான்கு பொத்தான் போட்டுவிட்டால் அந்த நாள் எனக்கு நிறைந்துவிடும்.

பிறகு அவனுக்கு வண்டி ஆசை வந்தது. பையன்கள் எல்லாம் மேல்மலையனூர் போய்வரும்போது இவன் மட்டும் பஸ்சுக்கு நிற்பான். நான்கு விரலால் கிளட்ச் பிடித்துவிடுவான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் இண்டிகேட்டர் சுவிட்ச் இடது பக்கம், கட்டைவிரலால் தள்ளுவது. எல்லோரையும் போல வலது கையை நீட்டிக் காட்டவும் முடியாது. கட்டைவிரல் இல்லாத கையால் ஹேண்டில் பாரை ஒற்றையாய் இறுக்கிப் பிடிக்க வராது.

அந்த சுவிட்சை நான்தான் செய்தேன். அலுமினியத் தகட்டை வளைத்து, வலது கைப்பிடியை ஒட்டி இரண்டு பட்டன்கள். இடதுக்கு உருண்டை, வலதுக்குச் சதுரம், பார்க்காமலே விரலுக்குத் தெரியும். மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் மூடி. எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன், அதுபோல ஒரு வேலை நான் செய்ததில்லை. அவன் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, கம்பெனில வந்த மாதிரி இருக்குது" என்றான். நான் அவனிடம் சொன்னேன்: "ஊர்ல எவனும் போடமாட்டான். நீ போடுடா. உனக்குக் கை இதுதான். போட்டுட்டுத் தைரியமாத் திரும்பு, பின்னாடி வர்றவன் நிப்பான்." அவன் அப்படியே நடந்துகொண்டான். ஆளில்லாத சந்திலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவான். கடைத்தெருவில் அவனைக் கேலி செய்வார்கள்.

வண்டி வந்த பிறகுதான் அவனுக்குக் கால் முளைத்தது. நேர்காணலுக்குப் போனான். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்தது. தொண்டூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்துப் பழகி, அவளையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். கலைவாணி என்று பெயர். குறை சொல்ல முடியாத பெண். "அண்ணி, நீங்களும் எங்ககூட வந்துடுங்க, தனியா இன்னா பண்ணுவீங்க" என்று அவள்தான் முதலில் கூப்பிட்டாள். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் கூப்பிட்டாள். நான் கடையைக் காரணம் சொன்னேன். அடுத்தவள் அடுப்படியில் நான் எங்கே போய் நிற்பது?

போகாதேடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. நல்லது நடக்கிற வீட்டில் அதை எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே முகூர்த்தப் புடவை எடுத்தேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவினேன்.

முதல் பத்திரிகையைச் சிங்கவரம் ரங்கநாதர் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். அதற்குக் கிளம்புகிற அன்று காலையில் சேரன் அறையிலிருந்து புதுச் சட்டையோடு வந்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு பொத்தான் போடப் போனேன். எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது, கழுத்துப் பொத்தான் உட்பட. "பாருக்கா" என்று ஒரு கொண்டை ஊசியைக் காட்டினான். கலைவாணி அதைக் கொக்கியாக வளைத்து, பிடிக்கு நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஓட்டைக்குள் விட்டுப் பொத்தானை இழுத்தால் வந்துவிடுமாம். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஒயரை வளைத்துக் கொக்கி போடுவதே என் தொழில், மேடம். எனக்கு அது தோன்றவில்லை.

"வண்டிய ஒரு பார்வை பாத்துடறேன்" என்று வெளியே வந்தேன். சீட்டைத் தூக்கினால் பின்பக்க இண்டிகேட்டர்களுக்குப் போகிற இரண்டு ஒயர்கள் இருக்கும். பிடுங்கி மாற்றிச் சொருகினேன். முன்பக்கத்தைத் தொடவில்லை. அவன் சதுரப் பட்டனை அழுத்தினால் முன்னால் வலது விளக்கு எரியும், மீட்டரிலும் வலது அம்புக்குறி மினுக்கும். அவனுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பின்னால் வருகிறவனுக்கு மட்டும் இடது பக்கம் எரியும். இவன் ஓரங்கட்டுகிறான் என்று அவன் வலது பக்கம் ஏறி வருவான். நெடுமாறனிடம் சொல்லுங்கள். மாற்றிய பிறகு இழுத்துப் பார்த்து, டேப் சுற்றித்தான் மூடினேன். கை தவறியவர்கள் டேப் சுற்ற மாட்டார்கள்.

சாகடிக்க நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு இடி, ஒரு விழுதல், கொஞ்ச நாள் கட்டு. வண்டி நமக்கு ஆகாது யக்கா என்று அவனே சொல்ல வேண்டும். கல்யாணம் தள்ளிப்போகும். பெண் வீட்டில் ராசி பார்ப்பார்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது. அதற்குமேல் நினைக்க விடாமல் மனசைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

நடந்ததைப் பொன்னுசாமி உங்களிடம் சொல்லியிருப்பார். டி.வி.எஸ். வண்டியில் பின்னாலேயே வந்தவர். சிங்கவரம் பிரிவில் வலது பக்கம் திரும்ப வேண்டும். சேரன் வலது பக்கம் நகர்கிறான், விளக்கு இடது பக்கம் எரிகிறது. பொன்னுசாமிக்குச் சந்தேகம் வந்து, பக்கத்தில் வந்து விரலை விரித்து மூடிக் காட்டியிருக்கிறார். நம் ஊரில் அதற்கு இண்டிகேட்டரை அணை என்றுதானே அர்த்தம்? சேரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினானாம். தெரியும், திரும்பத்தான் போகிறேன் என்று. கலைவாணியும் பின்னால் உட்கார்ந்து, சரிங்க சரிங்க என்று கையசைத்திருக்கிறாள். பிறகு அவன் திரும்பினான். பின்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வலது பக்கம் ஏறி வந்தது.

பொன்னுசாமி ஆஸ்பத்திரிக்குத் தினமும் வருகிறார். "வாயத் தொறந்து கத்தியிருக்கணும்மா, கையக் காட்டிக்கினு இருந்துட்டேன்" என்று என் எதிரில் நின்று அழுகிறார். உங்க மேல தப்பில்ல அண்ணே என்று நான்தான் ஆறுதல் சொல்லி டீ வாங்கிக் கொடுக்கிறேன். லாரிக்காரனையும் விட்டுவிடுங்கள். அவன் விளக்கைப் பார்த்துத்தான் வந்தான்.

நேற்று ஏட்டையா கேட்டபோது, கலைவாணி வண்டியில் ஏறியது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது சரியில்லை. அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கிருந்து அவள் தன் அம்மாவோடு பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே வண்டியில் போனால் ஊர் பேசும் என்று வாசலில் கூச்சத்தோடு நின்றாள். "இன்னாம்மா இருக்குது, நான் சொல்றேன், ஏறு" என்று சொன்னது நான்தான். ஒயரைத் திரும்ப மாற்ற அப்போதும் நேரம் இருந்தது. சீட்டைத் தூக்கினால் போதும். நான் பின்பக்கம் கால் வைக்கிற கம்பியை இறக்கிவிட்டேன். புடவை சக்கரத்தில் மாட்டாமல் முந்தானையை எடுத்து அவள் மடியில் செருகினேன். "வர்றேன் அண்ணி" என்றாள். அவளை அந்த இடத்திலேயே துணி போட்டு மூடினார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

சேரனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசுகிறான், ஆனால் என்னிடம் பேசுவதில்லை. ஒயரைப் பற்றி யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். நெடுமாறன் கை தவறியது என்று நம்பலாம், அவன் நம்பமாட்டான். என் வேலை அவனுக்குத் தெரியும். நான் கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். நர்ஸ் கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். அதைத் தடுக்க அவனால் முடியாது. கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறான், ஓரத்தில் தண்ணீர் வழிகிறது. அதையும் துடைத்துவிடுகிறேன்.

கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் மதியத்துக்குள் என்னை விட்டுவிட வேண்டும், மேடம். கஞ்சி ஆறிப்போனால் அவன் குடிக்க மாட்டான். என்னை இங்கே வைத்துக்கொண்டால் அவனை யார் பார்ப்பார்கள்? இனிமேல் அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.