ஜெனரலின் பின்பக்கம்

துணிக்கு வெயில் ஆகாது, ஐயா. உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்தக் கால்சட்டையை ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. என் தொழில் அது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் மீசை முளைத்த நாளிலிருந்து நான்தான் காவலாளி. அருங்காட்சியகம் என்றால் ஒரே அறை. அதில் ஒரே பொருள். ஜெனரல் எவாரிஸ்தோ கயோசோ போர்க்களத்தில் விழுந்தபோது போட்டிருந்த உள்கால்சட்டை. கோட்டு, பூட்ஸ், வாள் எல்லாவற்றையும் எதிரிகள் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். உள்கால்சட்டையை மட்டும் விட்டுவிட்டார்கள். எதிரிக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும் அல்லவா.

ஜெனரல் இந்தப் பக்கம் போட்ட சண்டை ஒன்றுதான். பெற்ற பிள்ளைகள் ஏராளம். பாதி ஊர் அவர் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும். மற்றவர்களுக்கு நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. எனக்கு அவர் பெயர் மட்டும்தான். தொரிபியோ கயோசோ.

போர் நினைவு நாளில் அந்தக் கால்சட்டையைக் கழியில் விரித்துக் கட்டி, ஊர்வலமாகக் கொண்டுபோவோம். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் ஓரத்தைத் தொட்டு முத்தமிடுவார்கள். பாதிரியார் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நான் அதன் பின்னால் ஒட்டினாற்போல் நடப்பேன்.

"என்ன தொரிபியோ, பொண்டாட்டி பின்னாடிகூட நீ இப்படி ஒட்டிக்கிட்டுப் போனதில்லையே" என்று சிப்பா ரொட்டி விற்கும் சின்ஃபோரியானா சந்தைக்கே கேட்கும்படி சிரித்தாள். நானும் சிரித்தேன். கால்சட்டையில் உட்காரும் இடத்தில் ஒரு குண்டு ஓட்டை இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தான் மற்ற நாட்களில் அதைச் சுவரோடு சுவராக மாட்டி வைப்பேன்.

அப்புறம் தலைநகர் அசுன்சியோனிலிருந்து டாக்டர் அன்செல்மோ ரெகால்தே வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, பழந்துணி ஆராய்ச்சி. நல்ல மனிதர். காவலாளியான என்னையும் 'தோன்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். என்னோடு ஒரே குவளையில் தெரெரே, அதுதான் எங்கள் குளிர்ந்த மூலிகைத் தேநீர், உறிஞ்சினார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு கால்சட்டையைத் திருப்பினார்.

"தோன் தொரிபியோ, இது என்னங்க?"

"பூச்சி அரிச்சது, டாக்டர்."

"எந்தப் பூச்சி அரிச்சா ரத்தம் வரும்?" என்று சிரித்தார். "நாலு பக்கமும் கண்ணாடி வெச்ச பெட்டி ஒண்ணு செய்யச் சொல்றேன். மனுஷன் பயந்தார், ஓடினார். ஜனங்க பாக்கட்டுமே. எனக்கு இவரை இப்பத்தான் பிடிச்சிருக்கு."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஜெனரல் புறமுதுகு காட்டியவர் என்றால் நான் யார்? சின்ஃபோரியானா வாய் சும்மா இருக்குமா?

மதியச் சாப்பாடு முடிந்து ஊரே உறங்கும் நேரம் அது. வேலைக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கியை எடுத்துவந்தேன். கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று டாக்டரைச் சொல்லச் சொன்னேன்.

"வேண்டாம், தோன் தொரிபியோ. பெட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அது பூச்சி அரிச்சதுதான்" என்றார்.

பாவம், உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் பயந்தவன் கொடுக்கும் வாக்கை எப்படி நம்புவது, ஐயா? சுட்டேன். ஜெனரலின் துணிமேல் எதுவும் தெறித்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதைப் பழையபடி சுவரில் மாட்டினேன். மிச்சமிருந்த தெரெரேயைக் குடித்தேன்.

சுட்டதை நான் மறுக்கவே இல்லை. ஒன்று மட்டும் என் வாக்குமூலத்தில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் கோழை இல்லை. என்னை எதிர்த்து, நேருக்கு நேர் வந்துதான் விழுந்தார். அந்த மரியாதையை நான் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஏன் மேசைமேல் கிடக்கும் டாக்டருடைய கால்சட்டையைத் திருப்புகிறீர்கள்? பின்பக்கம் இருக்கும் ஓட்டையா?

அது பூச்சி அரித்தது, ஐயா.