புதுசா ஏதாவது மருந்து

மருந்துக் கடைக்காரனுக்கு முதலில் கெட்டுப்போவது கால்தான், ஐயா. இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே இருக்கிறேன். ஸ்டேஷனில் நாற்காலி கொடுத்ததற்கு நன்றி.

என் தங்கையின் கணவருக்கு வலிப்பு வந்தது. டாக்டர் எழுதிய மாத்திரையைத்தான் கொடுத்தேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அம்மா போனபின் தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். அவள் இல்லாத ஊரில் நான் என்ன செய்வேன்?

மாத்திரை தொடங்கிய இருபதாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கண் சிவந்து, முகம் வீங்கி, நெஞ்செல்லாம் தடிப்பு. உதட்டின் உள்பக்கம் புண். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சில மருந்துகளை உடம்பு இரண்டு மூன்று வாரம் பேசாமல் வாங்கிக்கொள்ளும், பிறகுதான் எதிர்க்கும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

"அண்ணா, இந்த மாத்திரைதான் ஒத்துக்கலையோ?" என்றாள் தங்கை.

"ஒத்துக்கலைன்னா அன்னைக்கே காட்டியிருக்கும்மா. மூணு வாரமா ஒத்துக்கிட்டது இன்னைக்கு திடீர்னு ஒத்துக்காம போகுமா? அம்மை மாதிரி இருக்கு. மாத்திரைய மட்டும் ஒருவேளைகூட விட்டுடாத."

தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள். அவர் ஒரு மாதம் படுத்துக்கிடந்தால் மாற்றல் கைநழுவிப் போகும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டார் டாக்டர். அவர்கள் தொழிலில் இரண்டு மாதத்துக்குள் தொடங்கியதெல்லாம் புதுசு. வீட்டில் மூன்று வாரம் என்றாலே பழசு.

"இல்லைங்க டாக்டர், எல்லாம் பழைய மருந்துதான்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. அவள் அந்த மாத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்து வேளாவேளைக்கு அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தோல் உரியத் தொடங்கிய பிறகுதான் ஒரு நர்ஸ் அந்தப் பையில் என் கடைக் கவரைப் பார்த்தார். கொடுத்த தேதி என் கையெழுத்தில் இருந்தது. அன்று மாலையே மாப்பிள்ளை போய்விட்டார்.

"என் கையாலயே கொடுத்துட்டேனே அண்ணா" என்று இப்போதும் அழுகிறாள். தேற்றுகிறேன். ஆனால் 'நீ கொடுக்கவில்லை' என்று சொன்னதில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தெரிந்தேதான் செய்தேன், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நான் வீட்டுக்குப் போகாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள். அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?