சூரியப் புயல் அடித்த மணி

கீரனூரில் பஸ் ஏறியதிலிருந்து, இன்றுதான் குழந்தைக்குத் தடுப்பூசி நாளா என்று மூன்றாவது முறையாக அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் மடிக்கணினி வைத்திருந்த பெண், "தப்பு சூரியன் மேல இல்லப்பா, என் மேலதான்," என்றாள். இவ்வளவு நிம்மதியாகத் தன் தப்பைச் சொல்பவரை நான் பார்த்ததில்லை.

"புரியிற மாதிரி சொல்லு ஆத்தா," என்றார் அவள் அப்பா.

"நான் ஆராயிற விண்கலத்துக்குள்ள ஒரு உலோகக் கட்டி எதையும் தொடாம மிதக்கும்ப்பா. எங்கியோ கருந்துளைங்க மோதி எழுப்புற ஈர்ப்பு அலை வந்தா அது துளியூண்டு அசையும். சூரியப் புயல் அடிச்சாலும் அதுல மின்சாரம் ஏறி அசைஞ்சிரும்."

"புயல் அடிச்ச நேரத்த கணக்குலேர்ந்து வெட்டிற வேண்டியதுதானே?"

"வெட்டுனேன். நம்ம ஊரு மணிக்கு வெட்டிட்டேன். விண்கலத்துல லண்டன் மணி. அஞ்சரை மணி நேரம் தள்ளி வெட்டிருக்கேன். புயல் அப்படியே உள்ள கெடந்து, ஈர்ப்பு அலை மாதிரியே தெரிஞ்சிருக்கு."

"அப்ப மூணு வருசப் படிப்பு?"

"போகலப்பா. திருத்தி அனுப்புனேன். சரியா இருக்கு, ஆய்வேட்ட எழுதுன்னு சார் இப்பதான் பதில் போட்டாரு."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். "பாப்பா படிப்புக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் சூரியன் செஞ்ச வேலையாம்."

"மணி பாக்கத் தெரியாதது நான்தான்னு சொல்லுங்கப்பா."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "சும்மா இரு ஆத்தா. சூரியன் வந்து இல்லன்னு சொல்லப் போகுதா?"