ஏழாம் நம்பர் முளை

...அட, அதைத்தான் சார் நானும் கேக்குறேன்! இவ்வளவு பெரிய கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எவனாவது காம்பவுண்டு சுவரைப் பார்த்துப் பந்தடிக்க வைப்பானா? கெட்டியா பிடிச்சுக்கோங்க, வண்டி இங்க குலுங்கும். மேனேஜர் சொல்லித்தான் அனுப்பினாரு, "கோல்ஃப் மைதானத்தை மாத்திப் போட புது டிசைனர் வர்றாரு, வண்டியில வச்சு சுத்திக் காட்டு, வாயை மட்டும் திறக்காதே"ன்னு. நான் என்னைக்கு சார் வாயைத் திறந்திருக்கேன்?

ஆனா வயிறு எரியுதே! பத்தொம்பது வருஷமா இங்க புல்லு வெட்டுறேன். என்ன மழை பெஞ்சாலும் பத்து நிமிஷத்துல உறிஞ்சிடுற மண்ணு சார் இது. அந்த மணல்மேடு எல்லாம் தானா வந்தது. மத்த இடத்துல லாரி லாரியா மண்ணைக் கொட்டி மேடு பண்றானுங்க, இங்க சும்மா கெடந்துச்சு. பழைய டிசைனர் என்ன பண்ணாரு? இருக்குறதுலயே நல்ல மேட்டுல காரு நிறுத்த இடம் விட்டாரு! காருக்கு எதுக்கு சார் கடல் காத்து?

இதோ, எட்டாம் குழி. இடது பக்கம் என்ன தெரியுது? கேன்டீன் சமையக்கட்டு! ஆடுறவரு மூச்சைப் பிடிச்சுக் குறி பார்க்குறப்போ உள்ள பாத்திரம் விழும் பாருங்க, டமார்னு... பந்து நேரா முட்டைக்கோசு கூடைக்குள்ள. போன மாசம் ஒரு டாக்டரம்மா பந்தைத் தேடி உள்ள போனவங்க, சாப்பிட்டுட்டுத்தான் வெளிய வந்தாங்க.

ஒம்பதாவது அதுக்கு மேல. சாயங்கால வெயில் நேரா கண்ணுல. எல்லாரும் சலாம் போடுற மாதிரி நெத்தியில கையை வச்சுக்கிட்டு நிப்பாங்க. இப்படி ஒரு நிலம் கையில கிடைச்சும் கோட்டை விட்டுட்டாரே மனுஷன்! கண்ணு புடனியிலயா இருந்துச்சு?

என்ன சார் எழுதுறீங்க? எழுதுங்க, எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் போட்டுடாதீங்க.

அங்கயா? அங்க ஒண்ணும் இல்ல சார். பாறை முனை. மெஷின் ஷெட்டுதான்... சரி, பார்த்தே ஆகணும்னா வாங்க. அந்த ரெண்டு நாற்காலியும் பிளாஸ்க்கும் என்னோடது. ஆமா, மூணு பக்கமும் கடல்தான். எங்க வீட்டுக்காரி நாலு மணிக்கு வருவா, பக்கத்துல லாண்டரியில வேலை. டீ குடிப்போம், சண்டை போடுவோம். காத்துல அவ திட்டுறது பாதி கேக்காது, அந்த நிம்மதி வீட்ல ஏது? இந்த ஒரு இடத்தை மட்டும் தொடாதீங்க சார். மத்ததெல்லாம் தலைகீழா புரட்டிப் போடுங்க.

அது என்ன... பழைய பிளானா? உங்க கைக்கு எப்படி வந்துச்சு? ம்... ஏழாம் குழி இங்கதான் போட்டிருக்கு. ஆமா, அப்படித்தான் போட்டிருப்பாரு.

என்னை ஏன் சார் பார்க்குறீங்க?

சரி, சொல்லித் தொலைச்சிடுறேன். குழி எங்க வரணும்னு அடையாளத்துக்கு முளைக்குச்சி அடிச்சதே நான்தான். அப்போ அளவெடுக்குறவங்களோட சுத்தியல் தூக்கிட்டுத் திரிஞ்சேன். கல்யாணமாகி மூணு மாசம். வீட்ல ஒரே ரூமு. அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் பிள்ளைங்க ரெண்டு. ரகசியமா ஒரு வார்த்தை பேச முடியாது. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு இவ இங்க வந்தா. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து அன்னைக்குத்தான் சார் வாய் விட்டுச் சிரிச்சா. "இந்த இடத்தைப் போய் யாருக்கோ குடுக்கப் போறீங்களே"ன்னா. எனக்குத் தாங்கல. ஏழாம் நம்பர் முளையைப் புடுங்கி, இருநூறு அடி உள்ள தள்ளி அடிச்சேன். "கீழ பூரா பாறைங்கய்யா, முளை இறங்கல"ன்னேன். பாவம், பழைய டிசைனர் நம்பிட்டாரு.

ஏழு நகர்ந்ததும் எட்டு சமையக்கட்டுப் பக்கம் போச்சு. ஒம்பது வெயிலைப் பார்த்துத் திரும்பிச்சு. மிச்சமான மேட்டுல காரு ஏறிச்சு. யாருக்கும் வேணாத இடம்னு இங்க ஷெட்டைப் போட்டு, சாவியை என் கையில குடுத்தாங்க. ஒரு குச்சிதானேன்னு நினைச்சேன், அது மைதானத்தையே திருப்பிடும்னு எனக்கு என்ன சார் தெரியும்!

பையிலேருந்து என்ன எடுக்குறீங்க? முளையா? வேணாம் சார், சொன்னேனே, பாறை, இறங்கவே இறங்கா...

ரெண்டே தட்டுல இறங்கிடுச்சு.

சரி சார். உங்க தொழிலை நீங்க பண்றீங்க. குழின்னா பக்கத்துல பெஞ்சு ஒண்ணு போடுவீங்கல்ல? ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி போடுங்க. கடலைப் பார்த்துப் போடுங்க சார், சுவரைப் பார்த்துப் போட்டுடாதீங்க.