முன்பக்கம் என் பொறுப்பு

ஒரு டம்ளரை மேஜைமேல் வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும் என்பதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பதினோரு வருடம் பாய்மரப் படகில் குடித்தனம் செய்தவள். அங்கே டம்ளர் வைக்கவே ஓட்டை போட்ட பலகை ஒன்று உண்டு. அதில் வைக்க மறந்தால் காப்பி மடியில்தான் வந்து விழும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த தாளில் ‘காரணம்’ என்று எழுதி இடம் விட்டிருக்கிறீர்கள். வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால் எழுதியே தருகிறேன்.

முதலில் படகுப் பட்டறை மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுக்கானில் அவர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஊருக்கு வரும் எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. போகிற வழியில் சுக்கான் தண்டு கடகடவென்று ஆட ஆரம்பித்தது. எப்படியோ தட்டுத்தடுமாறித் துறைக்குள் வந்து சேர்ந்தோம். கிரேன் வைத்துப் படகைத் தூக்கி, பட்டறை முற்றத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பத்து நாள் என்றார் மெக்கானிக். பட்டறையில் எல்லோரும் அவரைப் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும், “பொறுமை, பொறுமை” என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர். பத்து நாள் ஐந்து வாரமானது.

தையல்கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. கட்டில், மேஜை, தெருவைப் பார்த்த ஜன்னல், திறந்தால் நிற்காமல் வரும் குழாய். குளிக்கும்போது தண்ணீரைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று உடம்புக்குப் புரியவே எனக்கு நான்கைந்து நாள் ஆயிற்று. கீழே தையல்காரம்மாவின் மெஷின் ஓடும் சத்தத்தில் மதியம் அப்படித் தூங்குவேன். என் கணவரோ குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கரையில் இருந்தால் அவருக்குக் கை கால் ஓடாது.

ஒருநாள் கண்ணாடி மாட்ட நான் சுவரில் ஆணி அடித்தேன்.

“எதுக்கும்மா ஆணி? நாலு நாள்ல கிளம்பிடுவோமே.”

“என்னங்க, இங்கேயே இருந்துடலாமா?”

அவர் சிரித்தார். நான் ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் பட்டறையில் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததாகப் பொறுமை பிறகு என்னிடம் சொன்னார். என் கணவர் கெட்டவர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருநாளும் என்மேல் கை நீட்டியதில்லை, அதிர்ந்து பேசியதில்லை. அவருடைய ஆசைக்காக வீட்டை விற்றோம், அவருடைய ஆசைக்காக ஊர் ஊராக அலைந்தோம். அதெல்லாம் என் ஆசையும்தான் என்று அவர் மனதார நம்பினார். நானும் அப்படி இல்லை என்று சொன்னதில்லை.

சுக்கானுக்கு வர வேண்டிய சாமான் ஒரு பெட்டியில் வந்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. அவர் கூரியர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார், தையல்கடை முகவரியில் யாரோ வாங்கிவிட்டதாகச் சொன்னார்களாம், நான் டீ போட்டுக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். பத்தாம் நாள் அதைக் கீழே கடையின் துணிக்குவியலுக்குள் வைத்துவிட்டு நானே கண்டுபிடித்தேன். தையல்காரம்மா பாவம், தான்தான் வாங்கி மறந்துவிட்டோமென்று தலையில் அடித்துக்கொண்டார். “விடுங்கம்மா, வயசானா இப்படித்தான்,” என்றேன். என்னைவிட அவர் இரண்டு வயது இளையவர்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படகின் அடியில் அங்கங்கே துவாரம் இருக்கும், கழிப்பறைக்கும் கை கழுவும் தொட்டிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, வால்விலிருந்து ஒரு ரப்பர் குழாய். பின்பக்கத்து வால்வுகள் அவர் பொறுப்பு, முன்பக்கத்தது என் பொறுப்பு. துறையை விட்டுக் கிளம்பும்போது அவர் “முன்னாடி?” என்று குரல் கொடுப்பார், நான் “மூடியாச்சு” என்பேன். அவ்வளவுதான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி போய்ப் பார்ப்பதில்லை. படகில் இரண்டே பேர் இருக்கும்போது அப்படி நம்பாவிட்டால் வேலை ஓடாது என்பார்.

வேலை முடிந்து படகு தண்ணீரில் இறங்கியது. மறுநாள் காலையில் அவர் வெளிக்கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதாகவும், அதற்கடுத்த நாள் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதாகவும் ஏற்பாடு. அன்று மதியம் படுக்கை விரிக்கப் போவதாகச் சொல்லிப் படகுக்குப் போனேன். முன்பக்கத்துப் படுக்கைக்கு அடியில், பாய் மூட்டைகளுக்குப் பின்னால் என் வால்வு இருக்கிறது. அதன் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு பட்டைகளையும் தளர்த்தினேன். வால்வைத் திறந்தே விட்டேன். கடலில் படகு ஆடும்போது குழாய் நழுவிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அவர் பார்ப்பார், திரும்பி வருவார், பொறுமை இன்னொரு பத்து நாள் சொல்வார். என் கணக்கு அதுதான்.

காலையில் தலைவலி என்று சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டேன். பொறுமைக்கும் வேறு வேலை இருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு என் கணவர் மேல்தளத்திலிருந்து “முன்னாடி?” என்றார். நான் துறைமேடையிலிருந்து “மூடியாச்சு” என்றேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. நான் ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, தண்ணி ஏறுது. பம்ப் போதல. பின்னாடி என்னுதெல்லாம் பாத்துட்டேன். சுக்கான் பக்கம்தான்னு நினைக்கிறேன், புதுசா கை வெச்ச இடம். உன்னுது மூடியிருக்கில்ல?”

“மூடியாச்சுங்க,” என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. பதினோரு வருடப் பழக்கம். நேற்று உங்களிடம் இதுவரைக்கும்தான் சொன்னேன். ஒரு தடவைதான் பேசினார் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் ரேடியோவில் கரைக்காவலிடம் சுக்கான் பக்கம் ஒழுகுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சை வைத்துத்தான் நீங்கள் பொறுமையின் பட்டறையைப் பூட்டினீர்கள். காவல் படகு போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் ஒரு மெத்தை மட்டும் மிதந்ததாம். எங்கள் ரப்பர் படகு ஒட்டுப் போடுவதற்காகப் பட்டறையில் கிடந்தது. இரண்டாம் நாள் மீனவர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். இடது கையில் ஸ்பானர் இருந்தது என்றார்கள்.

நீங்கள் பொறுமையைக் கூட்டிப் போவதற்கு முந்தின நாள் அவர் என் அறைக்கு வந்திருந்தார். வாசற்படி தாண்டவில்லை.

“அக்கா, சுக்கான் போல்ட்ட மூணு தடவை டைட் பண்ணேன். மூணாவது தடவை பண்ணேனா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியல.”

முப்பது வருடமாக அதே வேலை பார்க்கும் மனிதர், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

அறையில் இப்போது முன்னைப்போல் தூக்கம் வருவதில்லை. கீழே மெஷின் நிற்கும்போதெல்லாம் மாடிப்படியிலிருந்து “முன்னாடி?” என்று கேட்கிறது. கோபமாக இல்லை, எப்போதும் கேட்கிற மாதிரியே. நான் பதில் சொல்லும்வரை மறுபடி மறுபடி கேட்கும். அதனால் சொல்லிவிடுகிறேன். “யார்கிட்டம்மா பேசிட்டிருக்கீங்க?” என்று தையல்காரம்மா மேலே வந்து கேட்டார். எனக்கு பயமாக இருக்கிறது, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பயத்தினால் இதை எழுதவில்லை.

என் கணவர் அன்று இரண்டு தடவை பேசினார். இரண்டாவது போன் முதல் போனுக்குக் கால் மணி நேரம் கழித்து வந்தது. மூச்சு வாங்கியது. பின்னால் தண்ணீர் சளக் சளக்கென்று அடிப்பது கேட்டது.

“சுக்கான் பக்கம் ஒண்ணுமே இல்லம்மா, காய்ஞ்சு கிடக்கு. எங்கேர்ந்துதான் வருதுன்னு புரியல. நல்லா யோசிச்சுச் சொல்லு. உன்னுது மூடினியா? இல்லேன்னா இப்பவே போய் மூடிடறேன்.”

அந்தக் கால் மணி நேரத்தில் நான் நன்றாகவே யோசித்திருந்தேன். பாய் மூட்டைகளை இழுத்துப்போட்டு அந்த வால்வைத் திருப்ப அவருக்கு ஒரு நிமிடம் போதும். திருப்பிவிட்டால் தளர்த்திய பட்டைகளைப் பார்ப்பார். சாயங்காலம் வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்.

“மூடியாச்சுங்க. என் கையாலதான் மூடினேன்,” என்றேன்.

“சரிம்மா. நீ சொன்னா சரி,” என்று வைத்துவிட்டார்.

நான் திரையின் மிச்ச ஓரத்தையும் அடித்து முடித்து ஜன்னலில் மாட்டினேன். நீங்கள் இதைக் கொலை என்று எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பக்கத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் என்னைச் சந்தேகப்பட்டதில்லை, அந்த நேரத்தில் போய் அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.