இரைச்சல் நீக்கிய தட்டு

ராஜகோபால்: இன்னா மச்சான் இது... எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி கொரகொரன்னு?

தீனதயாளன்: பழைய இசைத்தட்டோட இரைச்சல் பாவா. பொறுங்க, பேண்டு வருது.

ராஜகோபால்: அம்மையார்குப்பம் ஷெட்ல நாம நாள் முழுக்க தறி சத்தம் கேக்கறது பத்தாதா? திருத்தணிக்கு, உன் ஊட்டுக்கு வந்தும் இரைச்சலா? என்கிட்ட இருக்கற சிடி பெட்டியே மேலு.

தீனதயாளன்: அதே பாட்டுதான். முப்பத்தெட்டுல அமெரிக்காவுல வாசிச்ச ஸ்விங் ஜாஸ் பேண்டு. நாம ரெண்டு பேரும் வாங்கினது 'இரைச்சல் நீக்கியது'ன்னு போட்ட பெட்டி. இது வேற கம்பெனி மறுபடி போட்ட சிடி. கண்ண மூடிக் கேளுங்க.

ராஜகோபால்: பதினாறு பேர் சேந்து ஊதுறான், ஆனாலும் இந்தக் கொரகொர...

தீனதயாளன்: பேசாம கேளுங்க பாவா.

ராஜகோபால்: இரு... டிரம்ஸ்காரன் சிம்பல, அந்தப் பித்தளைத் தட்ட, தட்டுறான்.

தீனதயாளன்: ஆங்.

ராஜகோபால்: டிஸ்... டிஸ்ஸுன்னு. அத்தினி டிரம்பெட்டுக்கும் பின்னாடி.

தீனதயாளன்: கேக்குதில்ல?

ராஜகோபால்: கேக்குதுன்றேன். இன்னாத்துக்கு மூஞ்சியவே பாக்குற?

தீனதயாளன்: சும்மாதான்...

ராஜகோபால்: என் பெட்டியில இது இல்லியே.

தீனதயாளன்: இரைச்சல எடுக்குறேன்னு சிம்பலையும் சேத்து வழிச்சுட்டானுங்க. இதப் பாருங்க, எந்தத் தட்டுலேர்ந்து எடுத்தாங்க, யாரு எடுத்தாங்கன்னு பின்னாடி எழுதியிருக்கான். நம்ம பெட்டியில நாப்பது பாட்டும் ஒரு ஃபோட்டோவும், அவ்ளோதான்.

ராஜகோபால்: அப்ப தப்பு பெட்டியில.

தீனதயாளன்: பெட்டியிலதான். ஆறு கம்பெனி போட்டத வாங்கிக் கேட்டுட்டேன். இதான் நல்லது.

ராஜகோபால்: ஒரே பாட்டுக்கு ஆறா? லூசா நீ?

தீனதயாளன்: இருக்கட்டும்...

ராஜகோபால்: கொஞ்சம் தண்ணி குடு.

தீனதயாளன்: இந்தாங்க. இன்னா ஆச்சு பாவா?

ராஜகோபால்: உங்க அக்காகிட்ட சொல்லாத. நாலு மாசமா எனக்குக் காது போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்.

தீனதயாளன்: காதா?

ராஜகோபால்: இருபத்திரண்டு வருஷம் பவர்லூம்டா. எங்க அண்ணனுக்கு மொதல்ல மெல்லிசு சத்தந்தான் போச்சு. அப்புறம் பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்கல. இந்தப் பாட்ட போன வருஷம் ஃபோன்ல கேட்டப்ப சிம்பல் இருந்துச்சு. பெட்டி வாங்கிப் போட்டா இல்ல. காசு குடுத்து வாங்கின பெட்டி மேல சந்தேகம் வருமா? காது மேலதான் வந்துச்சு.

தீனதயாளன்: டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே.

ராஜகோபால்: போயி? 'ஆமாம்பா, போச்சு'ன்னுட்டா? தறிய உட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?

தீனதயாளன்: இப்பவும் ஒரு வாட்டி காட்டிடலாம். நானும் வர்றேன்.

ராஜகோபால்: இனிமே போவலாம், பயம் இல்ல... ஆனா காத்தால ஒரு கூத்து பண்ணிட்டேன். சிரிக்கக் கூடாது.

தீனதயாளன்: சிரிக்கல, சொல்லுங்க.

ராஜகோபால்: மலை மேல கடையில கண்ணு, கை, காலுன்னு வெள்ளித் தகட்டுல விப்பான்ல? காது ஒரு ஜோடி வாங்கி, 'முருகா, இத மட்டும் உட்டு வையி'ன்னு உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்.

தீனதயாளன்: ஜோடியாவா? போன கிருத்திகைக்கு இதே பயத்துல நானும் போட்டேன், ஆனா ஒத்தக் காதுதான், பாவா.