பிடித்துத் தைத்த முகம்

“என் முகம். நான் என்ன வேணா பண்ணிக்குவேன். உனக்கென்ன வந்துச்சு?”

“உன் முகமா? அது அம்மா முகம்டி. உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்துட்டுப் போனா.”

“அப்ப உன் பங்கை நீயே வச்சுக்கோ. என் பங்கு எனக்கு வேண்டாம்.”

இந்த இடத்தில் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். எங்கள் தெருவுக்குக் காது கூர்மை. அதில் பாதிக் காது என்னுடையதுதான். வெளிச்சத்துக்காக என்று சொல்லித் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். எதிர்வீட்டு மருமகள் பெட்டியோடு தாய்வீட்டுக்குக் கிளம்புவதை அவள் மாமியாருக்கு முன்பே நான் பார்த்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொடுப்பேனா?

எனக்கும் தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு ஒரே வீடு, ஒரே சமையல். முகமும் ஒன்றுதான்: இறங்கிய கன்னம், தாடையோரம் மடிந்த சதை. மளிகைக் கடைக்காரர் அவள் மீதிச் சில்லறையை என்னிடம் கொடுத்துவிட்டு அசடு வழிவார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். அவளுக்கு அது சந்தோஷமில்லை என்பது அந்தச் சண்டையன்றுதான் தெரிந்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்டரில் இருந்தாள். அங்கே லென்ஸ் தேய்க்கிறவர் மனைவியை இழந்தவர்; மாலையில் தெருமுனை வரை அவளோடு நடந்து வர ஆரம்பித்திருந்தார். அவர் முகத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லவில்லை. ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிறவருக்கு இவள் முகம் தெளிவாகத் தெரியாமலா இருந்திருக்கும்? இவளாகத்தான் சேமிப்பைத் துடைத்து, கன்னத்தை இழுத்துத் தைத்துக்கொள்ளப் போனாள்.

துணைக்கு நான்தான் போனேன். வேறு யார் போவார்கள்? ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பு, பரிசோதனைக்காக அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தாள்.

“சத்து மாத்திரைன்னு அவங்களா எதையும் முழுங்கக் கூடாதும்மா. முக்கியமா மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை. ரத்தம் கசிஞ்சு தோலுக்கடியில தேங்கிடும். ஆபரேஷனுக்கு அப்புறம் முகம் கல்லு மாதிரி வீங்கினா உடனே போன் பண்ணுங்க.”

“நான் பாத்துக்கறேன்மா,” என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன்.

என் மூட்டுவலிக்கு வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. தேன்துளி மாதிரி பார்க்க அழகாக இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். “புண்ணு சீக்கிரம் ஆறும்டி, நர்ஸே சொன்னா,” என்று சொல்லி, மற்ற மாத்திரைகளோடு உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். அவள் எண்ணிக்கூடப் பார்க்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே என் கையால் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தால் சிறுத்துவிடும். பிடித்த தையலைப் பிரித்துவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். காலமெல்லாம் நான் செய்கிற வேலை. கொஞ்சம் வீங்கட்டும், தையல் விட்டுப்போகட்டும், பழைய முகம் இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானமே இடது கன்னம் உப்பியது.

“அக்கா, ரொம்ப இறுக்குதுக்கா. உள்ள ஏதோ பொங்குற மாதிரி இருக்கு. டாக்டருக்குச் சொல்லவா?”

“வீக்கம் இல்லாம ஆபரேஷனா? பேசாதே, தையல் விட்டுடும். படு.”

அவள் போனை எடுத்துப் போய் அடுத்த அறையில் சார்ஜ் போட்டேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தபடியே கிடந்தாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த இரவு முழுவதும் அவளை விட்டு நகரவில்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விடிந்தபோது கன்னம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அதன் பிறகுதான் போன் செய்தேன்.

தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள். ஆனால் காதுக்கு முன்னால் தோல் கருகி உரிந்து விழுந்துவிட்டது. வாயின் இடது ஓரம் அசையாமல் நின்றுவிட்டது. தோல் துணியில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“நீங்க எழுதிக் கொடுத்தது மட்டும்தான் டாக்டர்,” என்றேன். கட்டுக்குள்ளிருந்து தங்கையின் ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

லென்ஸ்காரர் வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் தினமும் வந்தார். நாற்காலியை இழுத்து அவளுடைய இடது பக்கமாகவே போட்டு உட்கார்ந்தார். மழைக்காலம் முடிந்ததும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வேறு ஊரில் சின்னதாகக் கடை வைக்க இருவரும் போய்விட்டார்கள்.

கிளம்புகிற அன்று அவள் வீட்டைப் பெருக்கினாள், அலமாரியைத் துடைத்தாள். காலி மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்தாள்.

“இதெல்லாம் நீயே சாப்பிட்டியாக்கா?”

“ஆமா.”

“மூட்டுவலி குறைஞ்சுதா?”

“இல்லடி.”

அவள் ஒரு பக்கமாகச் சிரித்தாள். புட்டியைக் கழுவி, மூடி போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கொடுத்தது நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன். போனை எடுத்துப் போனதும் தெரிந்துதான். பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளிடம் இருந்தது என் முகம்தானே, அதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

எதிர்வீட்டு மாமியார் இன்னும் விடுவதாயில்லை. “தங்கச்சி ஊர்ப்பக்கமே வர்றதில்லையே, உங்களுக்குள்ள ஏதாவதா?” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறாள்.

மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்வேன்.

“பாவம் மாமி, அவளுக்கு முகத்தைக் காட்டக் கூச்சம்.”